அழுத்தாத பொத்தான்

முப்பத்தொரு வருடமாகக் கணக்கு நடத்திய வசந்தாமணி டீச்சர் ஒரு நாளும் தானாக ஒரு வகுப்பை முடித்ததில்லை. மணி அடிக்கும். எழுதிக்கொண்டிருந்த வரியைப் பாதியில் விட்டுவிட்டு, கையிலிருக்கும் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார். வகுப்பை முடிப்பது பியூன் வேலை. அப்படிப்பட்டவரிடம், ஓய்வு பெற நான்கே வருடம் இருக்கும்போது, "பாடம் முடிஞ்சதும் இந்தப் பொத்தானை நீங்கதான் அழுத்தணும் மேடம்" என்று சொன்னால் எப்படி?

சொன்னது பர்வீன். வயது இருபத்தெட்டு. சென்னையில் உட்கார்ந்துகொண்டு, தாராபுரம் வட்டாரத்து ஆசிரியர்களுக்குச் சனிக்கிழமைதோறும் திரை வழியாகப் பயிற்சி கொடுக்கிறவள். வெயில் ஏறி ஏறி, பிள்ளைகள் பள்ளிக் கட்டடத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்தாலே பெரிய விஷயம் என்று ஆகிவிட்ட காலம் அது. மற்ற நாளெல்லாம் வீட்டிலிருந்தபடியே பாடம். ஆளுக்கொரு மின்பலகை கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் அதில்தான் பார்ப்பார்கள், அதில்தான் எழுதுவார்கள். இதுவரை எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். அந்த வருடம் புதிதாக வந்தது தெளிமானி என்ற கருவி.

"பிள்ளைங்க படத்துக்குக் கீழே சின்னதா ஒரு விளக்கு இருக்கு பாருங்க மேடம்" என்றாள் பர்வீன். "பாடம் புரிஞ்சா பச்சை. தடுமாறினா மஞ்சள். புரியலைனா சிவப்பு. உங்களுக்கு மட்டும்தான் தெரியும், பிள்ளைங்களுக்குத் தெரியாது."

"அதெப்படிம்மா ஒரு மிசினுக்குப் புள்ளைக மனசு தெரியும்?"

"மனசெல்லாம் தெரியாது மேடம். கண்ணு எந்த வரியில நிக்குது, பேனா எங்க தயங்குது, அடுத்த வரி எழுத எத்தனை நொடி ஆகுது, அதைத்தான் பார்க்கும். பாடம் தொடக்கம்னு ஒரு பொத்தான், பாடம் முடிவுன்னு ஒரு பொத்தான். முடிவு பொத்தானை அழுத்துற நொடியில எந்த விளக்கு எரியுதோ அதுதான் பதிவாகும்."

வசந்தாமணி அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். கருவி என்றால் காத தூரம் ஓடுகிற ரகமில்லை அவர். அவருக்கு எதையும் எழுதிப் பார்த்தால்தான் பிடிபடும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்கு இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தும் பாடம். நடு உறுப்பைப் பிரித்து, பொதுவானதை வெளியே எடுத்து, அழகாகத்தான் நடத்தினார். தன் பாடம் அழகு என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கடைசியில் வழக்கம்போலக் கேட்டார்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க மிஸ்!"

முப்பத்துநான்கு வாயும் ஒட்டுக்காகத் திறந்தன. அந்த இழுவையும், 'மிஸ்'ஸில் வந்து இறங்கும் அந்த நிம்மதியும் அவர் ஆயிரம் முறை கேட்டவைதான். ஆனால் கீழே விளக்குகள் வேறு கதை சொல்லின. வசந்தாமணி எண்ணினார். பச்சை ஒன்பது, மஞ்சள் ஆறு, சிவப்பு பத்தொன்பது.

கருவி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பர்வீனைக் கூப்பிட்டார்.

"கெடல மேடம்" என்றாள் அவள், பாவம், எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. "எல்லா டீச்சருக்கும் முதல் நாள் இப்படித்தான் வருது."

அன்று மத்தியானம் வசந்தாமணிக்குச் சோறு இறங்கவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா, மனம் சும்மா இருக்குமா? வருடத்துக்கு நூற்றிருபது பிள்ளைகள், முப்பத்தொரு வருடம். அதில் பாதிக்கு மேல் என்றால் இரண்டாயிரத்துச் சொச்சம். இரண்டாயிரம் பிள்ளைகள் புரியாமலே 'புரிஞ்சுதுங்க மிஸ்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், இவரும் மனம் குளிர்ந்து சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். அழுகை வந்தது, அழுதார்.

அழுது முடித்ததும் கருவியின்மேல் கோபம் வரவில்லை என்பதுதான் அவருடைய குணம். மறுநாளிலிருந்து சிவப்பைத் துரத்த ஆரம்பித்தார். ஒரே கணக்கை மூன்று விதமாகச் சொன்னார். யார் மஞ்சளில் நிற்கிறார்களோ அவர்களிடம் பேர் சொல்லிக் கேட்டார். ஒரு மாதத்தில் பத்தொன்பது சிவப்பு ஐந்தானது. 'இது எனக்கு இருபத்தஞ்சு வயசுல கெடைச்சிருக்கோணும்' என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சொல்லி, மற்ற டீச்சர்கள் அவரைக் கண்டாலே நழுவுகிற அளவுக்கு ஆனது.

அந்த ஐந்தும் பிறகு ஒன்றானது. அந்த ஒன்று மட்டும் மாறவே இல்லை. சௌடேஸ்வரி.

அமைதியான பெண். வகுப்புக்கு மட்டம் போட்டதில்லை. எழுத்து மணிமணியாக இருக்கும். ஆனால் வசந்தாமணி தலைகீழாக நின்று நடத்தினாலும், பாடம் முடியும்போது அவள் விளக்கு சிவப்பு. ஐம்பது பாடத்தில் ஒன்பதுதான் பச்சை.

இதில் என்ன வந்தது, ஒரு பிள்ளை கொஞ்சம் மந்தம், அவ்வளவுதானே என்று இருந்திருக்கலாம். பத்தாவது சனிக்கிழமை பர்வீன் புதுப் பாடம் ஒன்று எடுத்தாள். விளக்குகளின் பதிவு எங்கே போகிறது என்பது பற்றிய பாடம் அது. மதிப்பீட்டு வாரியத்துக்குப் போகிறதாம். மார்ச் கடைசியில் பட்டியல் வருமாம். நூற்றுக்கு நாற்பது பச்சைகூட இல்லாத பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் கணக்கு இல்லாத பிரிவுக்கு மாற்றப்படுவார்களாம்.

"பரிச்சை வச்சு எடுக்கறதில்லீங்களா?"

"பரீட்சையில மனப்பாடம் பண்ணி எழுதிடறாங்கன்னுதான் மேடம் இதைக் கொண்டு வந்ததே. மனப்பாடம் பண்ற பிள்ளைக்கு மார்க் வரும், பச்சை வராது."

"அப்பறம் ஆசப்பட்டா மறுபடி கணக்குக்கு வர முடியுங்களா?"

"வழி இல்ல மேடம்."

வசந்தாமணிக்குப் பொக்கென்று போய்விட்டது. சௌடேஸ்வரி என்ன ஆக வேண்டும் என்று நினைக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். கட்டுரையில் எழுதியிருந்தாள். அவர்கள் ஊருக்கு வரப்புத் தகராறு தீர்க்க ஒரு சர்வேயரம்மா வந்தாராம். நாலு பேர் கத்திக்கொண்டிருந்த இடத்தில் அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அளந்து, ஒரு கோடு போட்டாராம். எல்லாரும் அடங்கிவிட்டார்களாம். அவரைப் போல ஆக வேண்டுமாம். கணக்கு இல்லாமல் சர்வேயர் ஏது?

இந்த விசனத்திலேயே இருந்தவர் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தத் தப்பைச் செய்தார். பாடத்தை நடத்தி முடித்தார், குக்கர் விசில் அடித்தது, எழுந்து போய்விட்டார். மணி அடித்தால் எழுந்து போய்ப் பழகிய உடம்பு, எந்த மணி என்று பார்க்குமா? முடிவு பொத்தானை அழுத்தவே இல்லை.

புதன்கிழமை காலை பலகையைத் திறந்தால் நேற்றைய வகுப்பு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் அதற்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பதறிப்போய், நேற்றைய கணக்கையே ஒன்று கொடுத்துப் போடச் சொல்லிவிட்டு, பொத்தானைத் தேடி அழுத்தப் போனார். அழுத்துவதற்கு முன் கண் தானாகக் கீழே போனது. சௌடேஸ்வரியின் விளக்கு பச்சை. மஞ்சள்கூட இல்லை, பளிச்சென்ற பச்சை. வகுப்பிலேயே முதலில் போட்டு முடித்தவள் அவள்தான்.

வெள்ளிக்கிழமை பள்ளிக் கட்டடத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கண்ணு, முந்தாநாள் போட்ட கணக்கு யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லீங்க மிஸ்."

"செவ்வாக்கெழமை பாடம் நடத்துறப்ப புரிஞ்சுதா?"

சௌடேஸ்வரி உடனே பதில் சொல்லவில்லை. அவள் எதற்கும் உடனே பதில் சொல்கிறவள் இல்லை. வசந்தாமணி காத்திருந்தார்.

"எனக்கு அன்னைக்கே புரியாதுங்க மிஸ். மறுநாள்தானுங்க புரியும். நீங்க சொன்னது ராத்திரி தூங்கறப்ப உள்ள எங்கியோ கெடக்குமுங்க. காத்தால பல்லு வெளக்கறப்ப, அட இதுதானான்னு இருக்குமுங்க."

"அப்பறம் ஏங்கண்ணு அன்னைக்கே புரிஞ்சுதுன்னு சொல்றே?"

"பொய் சொல்லலீங்க மிஸ்" என்றாள் அந்தப் பெண். "நாளைக்குப் புரிஞ்சுருமில்லீங்களா. அதான் முன்னாடியே சொல்லிப்போடறது."

வசந்தாமணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்துநான்கு பேர் சேர்ந்து இழுக்கும் அந்த ஒரு வரியை மொத்தமாகப் பொய் என்று ஒதுக்கிவிட்டோமே என்று தோன்றியது. அந்தக் கூச்சலுக்குள் நிஜமான பொய்யும் இருந்திருக்கும். ஆனால் இப்படி ஒரு நாள் அவகாசம் கேட்ட பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்க்காமல், யாரும் மந்தம் என்று சொல்லாமல், வீட்டுக்குப் போய் மெதுவாகப் புரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள். விளக்கு வந்த பிறகு அந்த ஒரு நாள் இல்லாமல் போனது.

சனிக்கிழமை பர்வீனிடம் கேட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, மறுநாள் புரியற புள்ளைகளுக்கு உங்க மிசின்ல என்ன வழி?"

"பாடம் நடக்குற நேரத்துல புரியறதைத்தான் மேடம் அளக்க முடியும். அதுக்குத்தான் அதைப் பழக்கியிருக்காங்க. நான் எழுதி அனுப்பறேன். ஆனா..." என்று இழுத்தாள். "போன வருஷமும் ரெண்டு விஷயம் எழுதி அனுப்பினேன் மேடம். பதில் வரல."

திங்கட்கிழமை வசந்தாமணி பாடம் நடத்தினார். புரிஞ்சுதா என்று கேட்டார். புரிஞ்சுதுங்க மிஸ் என்றார்கள். பொத்தானுக்கு மேலே விரலைக் கொண்டுபோனவர், அப்படியே எழுந்து துணி காயப்போடப் போய்விட்டார். செவ்வாய் காலையில் பத்து நிமிடம் நேற்றையதைத் திருப்பிவிட்டு அழுத்தினார். பச்சை. அன்றிலிருந்து அவருடைய ஒவ்வொரு பாடமும் ஒரு நாள் தொடங்கி மறுநாள் முடிந்தது.

பர்வீன் இரண்டு முறை நினைவூட்டினாள். மூன்றாம் முறை வாரியத்திலிருந்தே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. "அய்யோ மறந்து போட்டேனுங்க" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொன்னார். வயதானவர் என்று எல்லாரும் நம்பினார்கள். அது அவருக்குக் கொஞ்சம் வலித்தது. நோட்டில் எழுதி எழுதிக் கற்றுக்கொண்டவர் அவர். பயிற்சியில் அந்த வட்டாரத்திலேயே எல்லாக் கருவியையும் சரியாகக் கையாண்ட ஒரு சிலரில் அவரும் ஒருவர். ஒரு பொத்தானைக்கூட அழுத்தத் தெரியாத கிழவி என்று பேர் வாங்குவது லேசான காரியமில்லை.

மார்ச் மாதம் பட்டியல் வந்தது. சௌடேஸ்வரிக்கு நூற்றுக்கு நாற்பத்துமூன்று. கணக்குப் பிரிவில் பேர் இருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. அடுத்த வாரமே பர்வீன் கூப்பிட்டாள். முகம் சரியில்லை.

"மேடம், உங்களை விசாரணைக்குக் கூப்பிடறாங்க. வியாழக்கிழமை பத்து மணிக்கு, திரையிலதான். இந்த வட்டாரத்துல பொத்தானை அடிக்கடி விட்டவங்க மொத்தம் எட்டுப் பேர். எல்லாரும் அம்பது வயசு தாண்டினவங்க."

வசந்தாமணிக்குச் சுருக்கென்றது. எட்டுப் பேரா?

"பயப்படாதீங்க. மறந்துட்டேன்னு சொன்னா போதும். வயசுச் சலுகை இருக்கு. மறுபடி ஒரு மாசப் பயிற்சி கொடுத்து விட்டுருவாங்க. வர்ற ஜூன்ல இருந்து நாற்பத்தஞ்சு நிமிஷம் ஆனா பாடம் தானாவே முடிஞ்சுரும். பொத்தானே கிடையாது. நீங்க மறக்கவே முடியாது."

"வேணும்னே பண்ணுனேன்னு சொன்னா?"

இந்தக் கேள்விக்காகப் பர்வீன் பல நாளாகக் காத்திருந்ததுபோல இருந்தது.

"பொய்ப் பதிவுன்னு எடுத்துக்குவாங்க மேடம். உங்க வகுப்பை எடுத்துருவாங்க. அந்தப் பதிவெல்லாம் ரத்தாகலாம்."

அதாவது சௌடேஸ்வரியின் நாற்பத்துமூன்றும் போகலாம். மறந்துவிட்டேன் என்றால் அவள் தப்பித்தாள், இவரும் தப்பித்தார். ஆனால் ஜூன் மாதத்திலிருந்து மறுநாள் புரிகிற பிள்ளைகளுக்கு ஒரு போக்கும் இருக்காது. அப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே யாருக்கும் தெரியாமல் போகும். தன்னுடையதை விட்டுவிடலாம், அவளுடையதை எப்படி அவளைக் கேட்காமல் விடுவது?

புதன்கிழமை அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். விளக்கு என்று ஒன்று இருப்பதையும், அவளுடையது சிவப்பாகவே இருந்ததையும்கூடச் சொன்னார்.

"நான் சொல்றதா, வேண்டாமா? நீதான் கண்ணு சொல்லோணும். நீ வேண்டாம்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

சௌடேஸ்வரி கேட்டுக்கொண்டாள். உதட்டைக் கடித்தாள்.

"நாளைக்குச் சொல்றனுங்க மிஸ்."

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி வரை தகவல் இல்லை. ஒன்பதரைக்குப் பலகையில் அவள் முகம் வந்தது. கண் வீங்கியிருந்தது.

"சொல்லிப்போடுங்க மிஸ்" என்றாள். "எந்தங்கச்சி ஜூன்ல ஒம்பதாவது வர்றாளுங்க. அவளும் என்னாட்டந்தானுங்க."

"செரி சாமி" என்று மட்டும் சொன்னார் வசந்தாமணி.

பத்து மணிக்கு விசாரணை. திரையில் எட்டு ஆசிரியர்கள், ஓரத்தில் பர்வீன், நடுவில் வாரியத்து அதிகாரி. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஒவ்வொருவரையும் 'ஐயா', 'அம்மா' என்றே கூப்பிட்டார். ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள்.

"மறந்துட்டனுங்க சார்."

"ஞாபகமே வர்றதில்லீங்க."

"கண்ணு செரியாத் தெரியறதில்லீங்க."

வசந்தாமணி கேட்டுக்கொண்டே வந்தார். மூலனூரில் அறிவியல் எடுக்கும் சென்னியப்பன் வாத்தியார் ஏழாவது. பயிற்சியில் பர்வீனுக்கே இரண்டு குறுக்குவழி சொல்லிக் கொடுத்த மனிதர் அவர். அவரும் தலையைக் குனிந்துகொண்டு, "மறந்து போச்சுங்க" என்றார். வசந்தாமணிக்கு அந்த ஏழு பேர் முகமும் திடீரென்று நன்றாகத் தெரிந்த முகமாகப் பட்டது.

"வசந்தாமணி அம்மா, நீங்களும் மறந்துட்டீங்கன்னு எழுதிக்கலாமா?"

"மறக்கலீங்க சார். ஒரே ஒரு நாள்தான் மறந்தேன். மத்த நாளெல்லாம் வேணும்னே அழுத்தாம விட்டேன்."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். வசந்தாமணி சொன்னார். சிவப்பு விளக்கையும், குக்கர் விசிலையும், மறுநாள் காலைப் பச்சையையும் வரிசையாகச் சொன்னார்.

"உங்க மிசின் நல்ல மிசினுங்க. நான் முப்பத்தொரு வருசம் பாக்காததை ஒரே நாள்ல காட்டுச்சு. அதைக் குத்தம் சொல்லலீங்க. ஆனா சீக்கிரம் புரியறதுதான் புரியறதுன்னு யாரோ அதுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டாங்க. அந்தப் புள்ளைக்குக் கணக்கு நெசமாவே தெரியுமுங்க. எந்தக் கணக்கு வேணும்னாலும் குடுங்க. ஆனா பதிலை நாளைக்கு வாங்கிக்கோங்க. என் வகுப்பை எடுக்கறதுன்னா எடுத்துக்கோங்க. அவ பேரை மட்டும் எடுக்காதீங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரிம்மா" என்றார், தன்மையாகவே. "நீங்க சொல்ல வர்றது புரிஞ்சுது. பதிவு பண்ணிக்கறேன். விதிப்படி என்னவோ அது நடக்கும். முடிச்சுக்கலாம்." அவர் கை பொத்தான் பக்கம் போனது.

"இல்லீங்க சார், உங்களுக்குப் புரியலீங்க."

பர்வீன் நிமிர்ந்து பார்த்தாள். வசந்தாமணிக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

"மரியாதைக் குறைவாச் சொல்லலீங்க. புரிஞ்சுதுங்கற வார்த்தையை எங்கிட்டச் சொல்லாத புள்ளை இல்லீங்க. எது நெசம்னு இப்பத்தான் கொஞ்சம் தெரிய ஆரம்பிச்சிருக்குது. உங்களுக்குப் புரியலைன்னா ஒண்ணும் தப்பில்லீங்க சார். ராத்திரி யோசிச்சுப் பாருங்க. அதுக்குள்ள முடிச்சுப்போடாதீங்க."

அதிகாரியின் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. அப்போது எங்கிருந்தோ ஒரு இருமல் கேட்டது. மூலனூர் சென்னியப்பன் வாத்தியாரின் படத்தைச் சுற்றிக் கோடு ஒளிர்ந்தது.

"சார், நான் சித்த முன்னாடி சொன்ன பதிலை மாத்திக்கோணுங்க."

அதிகாரி அவரைப் பார்த்தார். பிறகு மற்ற ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்த ஆறு பேரில் ஒருவர்கூட இப்போது தலையைக் குனிந்திருக்கவில்லை. அவருக்கு வெகு நேரம் பிடித்தது. கடைசியில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குப் பத்து மணிக்குத் தொடரலாம்" என்றார்.

எழுந்து போனார். திரையின் நடுவில் காலி நாற்காலி தெரிந்தது. எட்டுப் பேரும் பர்வீனும் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். முடிவு பொத்தானை யாரும் அழுத்தவில்லை.